ஏழு மணி ஊளை

சேசு மரி சூசை துணை

சூரமங்கலம்,
16-5-1961

மரியாதைக்குரிய மச்சான் ஞானதாஸ் அவர்களுக்கு உபகாரசாமி எழுதிக்கொள்வது. நானும் உங்கள் தங்கை சகாயம்மாளும் உடம்புக்கு நலம். மனதுக்கு நலமில்லை. அதற்குக் காரணம் நீங்கள்.

இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம் படிக்கும் என் மகன், உங்கள் அருமை மருமகன் கிறிஸ்துராஜ் லீவுக்கு வந்திருக்கிறான். "காலேஜுல எல்லாம் போர்டுலதான் மாமா, கையால ஒண்ணும் செய்யத் தெரியல" என்று உங்களிடம் அழுதானாம். நீங்களும் ஆத்தூர் மில் எலக்ட்ரீஷியன் என்ற பெருமையில், ஈயம் பற்றவைக்கும் இரும்பும் ஒரு கூடை பழைய சாமானும் கொடுத்தனுப்பினீர்களாம். அன்றிலிருந்து இது வீடில்லை, பட்டறை. ஒற்றை வால்வு ரேடியோவுக்கு ஏரியல் வேண்டுமென்று கொடிக்கயிற்றை அவிழ்த்துச் செம்புக்கம்பி கட்டிவிட்டான். உங்கள் தங்கை பழக்கத்தில் துணி காயப்போட்டால், "அம்மா, சிலோன் மேல ஈரப்புடவையப் போடாதீங்க!" என்று உள்ளேயிருந்து கத்துகிறான்.

அதையும் பொறுத்தேன். மூன்று வாரமாகச் சாயங்காலம் ஏழு மணியானால் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசையில் எல்லா ரேடியோவும் ஊளையிட்டது. அது நான் முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லும் நேரம். பக்கத்து வீட்டுத் திருச்செங்கோட்டுக்காரர் நாச்சிமுத்து கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். "ஏனுங்க, நீங்க மண்டி போட்டதும் எங்கூட்டு ரேடியோ ஊளையிடுதுங்க. எந்திரிச்சதும் நின்னு போவுதுங்க. உங்க செபத்துக்கு ஏதோ பயந்துக்குதுங்க" என்றார். அதை ஊருக்கே சொல்லியும் விட்டார். காய்ச்சல்காரப் பிள்ளைகளை என்னிடம் தூக்கி வந்தார்கள். பொய் சொல்லமாட்டேன் மச்சான், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பிரார்த்தனைகளைச் சேர்த்து நீட்டிப் பார்த்தேன், ஊளையும் நீண்டது. திருவிழாக் கமிட்டித் தலைவராக என்னை நிறுத்தலாம் என்று பங்குச் சாமியாரே சொன்னார். பதினாறு வருஷமாகத் தேருக்குப் பின்னால் குடை பிடித்தவன் நான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வியாழக்கிழமை பாதிச் செபத்தில் தண்ணீர் குடிக்க எழுந்து பின்கட்டுக்குப் போனேன். பாடம் படிப்பதாகச் சொன்னவன், நான் செபத்தில் இருக்கும் நேரம் பார்த்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு செட்டின் முன்னால் முழந்தாளிட்டிருக்கிறான். அவன் திருகைத் திருப்புகிறான், நாச்சிமுத்து வீட்டில் ஊளை ஏறுகிறது!

"திருகு கொஞ்சம் மீறிப்போனா, செட்டு கேக்குறதோட நிக்காம தானே ஒலிபரப்ப ஆரம்பிச்சிருதுப்பா. பாடத்துல ரெண்டே வரி. இப்பதான் புரியுது" என்று பூரித்துப்போய்ச் சொல்கிறான். அத்தோடு விட்டானா? "அடுத்த வார ஞாயித்துக்கிழமை வீடு வீடாப் போயி மன்னிப்புக் கேட்டுட்டு வந்துடறேன்பா" என்கிறான். என் மானம் என்ன ஆவது?

ஆகவே கடிதம் கண்டவுடன் முதல் பஸ்ஸில் வந்து பையனையும் இரும்பையும் கூடையையும் அள்ளிக்கொண்டு போய்விடுங்கள். இன்ஜினீயருக்குப் படித்தால் போதும், வேலை தெரியவேண்டாம். அன்னாளுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. சர்வேசுரன் எல்லாருக்கும் நல்ல புத்தி தரட்டும், முதலில் உங்களுக்கு.

இப்படிக்கு,
மனம் நொந்த
உபகாரசாமி

பின்குறிப்பு: நேற்று வால்வு போய்விட்டது. செபமாலை முடியும்வரை ஒரு ரேடியோகூட முனகவில்லை. "ஒடம்புக்கு ஆகலீங்களா?" என்று நாச்சிமுத்து கேட்டுவிட்டுப் போகிறார். ஞாயிற்றுக்கிழமைதான் கமிட்டித் தேர்தல். மேலே எழுதியதை மறந்துவிட்டு, கூட வைத்திருக்கும் சீட்டிலுள்ள நம்பருக்கு ஒரு வால்வு வாங்கி உடனே வாருங்கள். பையன் இனி ஊளையிட வைக்கமாட்டானாம். பரவாயில்லை, செபமாலையை உங்கள் தங்கை சொல்லட்டும். திருகைத் திருப்ப நானே கற்றுக்கொண்டுவிட்டேன்.