டபுள் காந்தம், டபுள் தோஷம்

ஸ்கேன் சென்டருக்கு, காந்தத்தால் படம் எடுக்கும் புது எம்.ஆர்.ஐ. மெஷின் வந்த சூடு ஆறவில்லை. எதிர்ச்சாரியில் காந்தச் சாமியார் கடை விரித்துவிட்டார். பழையதைவிட இரண்டு மடங்கு காந்தமாம் புதுசுக்கு. சாமியாருக்கு அது போதாதா?

"டபுள் காந்தம், டபுள் தோஷம்! வயித்துப் பிள்ளை ரத்தத்துல தங்கிடும்!"

படம் எடுத்துவிட்டு வருகிற கர்ப்பிணிகள் நேரே அவர் முன்னால் போய் நின்றார்கள். வயிற்றுக்கு மேலே கையை ஓட்டுவார். குண்டூசித் தட்டின் மேல் அதே கையை நீட்டுவார். ஊசிகள் துள்ளி வந்து ஒட்டும். "இறங்கிடுச்சு பார்!" கூட்டம் பிளந்த வாயை மூடுவதற்குள் காணிக்கைத் தட்டு வந்துவிடும்.

தையல்காரிக்கு ஏழாம் மாதம். பழைய மெஷினில் குழந்தையின் மூளை கலங்கலாகத்தான் தெரிந்தது. புதுசில் எடுத்தால்தான் குறை உண்டா இல்லையா என்று சொல்ல முடியும் என்றுவிட்டார் டாக்டர். அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை. படம் எடுக்க வந்த அன்று மாமியாரோ சென்டர் வாசல்வரை வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்டி. அந்த ஊசியை நீயும்தானே பார்த்தே?"

"பார்த்தேன் அத்தை. சிந்துன ஊசியைப் பொறுக்க எங்க கடையில ஒரு காந்தம் இருக்கு. அதுலயும் இப்படித்தான் துள்ளும்."

"சாமியாரும் அதுவும் ஒண்ணாடி?"

"இங்கயே நில்லுங்க, வரேன்."

உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி, நேரே சாமியாரிடம் போனாள்.

"இப்பத்தான் உள்ள போயிட்டு வரேன் சாமி. எப்படி இருக்குன்னு பாருங்க."

சாமியார் கையை ஓட்டினார். முகத்தைக் கோணினார். ஊசிகள் கொத்தாகத் துள்ளின.

"அடேங்கப்பா! இத்தனை காந்தம் நான் பார்த்ததே இல்ல! இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா பிள்ளை கதி..."

"நான் உள்ள போனது ஒண்ணுக்கு, சாமி. படம் இனிமேதான் எடுக்கணும். கக்கூஸ்ல எந்தக் காந்தம் ஏறுச்சு?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சாமியார் மெல்ல எழுந்தார். மாமியார் எட்டி அவருடைய நீளச் சட்டைக்கையைப் பிடித்தாள். பித்தான் தெறித்தது. கறுப்பு வில்லை ஒன்று தட்டில் விழுந்து, மிச்ச ஊசிகளையும் வாரிக்கொண்டது.

"என் பேரப்பிள்ளை ரத்தத்துல இருக்குன்னு சொன்னது இதைத்தானாடா?" மருமகள் பக்கம் திரும்பினாள். "நீ போய்ப் படத்தை எடுத்துட்டு வா. இவனை நான் பார்த்துக்கறேன்."

மெஷினுக்குப் பக்கத்தில் உலோகம் ஆகாது என்பதால், தையல்காரி தோட்டைக் கழற்றிக்கொண்டே உள்ளே போனாள்.

தன்னிடம் காந்தம் இருப்பதை அந்த மெஷின் கதவிலேயே எழுதி மாட்டியிருக்கிறது. சட்டைக்கைக்குள் வைத்திருப்பவன்தான் எழுதி மாட்டுவதில்லை. அடுத்த தடவை எவனிடமாவது வயிற்றைக் காட்டுமுன் உங்கள் தலையைக் கொஞ்சம் தட்டிப் பாருங்கள். அதற்குள்ளும் மூளை என்று ஒன்று இருக்கிறதாம். படம் எடுத்துப் பார்த்தவர்களே சொல்கிறார்கள்.