ஆராய்ச்சியும் என் இரண்டு கால்களும்

தேனி மாவட்டத்தில் பாதிப் பேரைக் காலை வைத்தே அடையாளம் சொல்லக்கூடிய ஒரே மனிதர் ஆராய்ச்சிதான். மீதிப் பாதிப் பேர் ஷூ போட்டிருந்தார்கள்.

பெற்றோர் வைத்த பெயர் வேறு ஏதோ. சர்க்கரைக்காரர்களின் காலில் புண் வருவதற்கு முன்பே ஆபத்தைக் கண்டுபிடிக்க முடியுமா என்று ஓர் ஆராய்ச்சி நடந்தது. அதற்காக வீடு வீடாகப் போய்க் கால் பார்க்கும் உத்தியோகம் அவருக்கு. வாசலில் நின்று, “ஆராய்ச்சி வந்திருக்கேன்” என்பார். அதுவே பெயராகிவிட்டது. தோளில் ஒரு பை. அதற்குள் ஒரு துண்டு நைலான் நரம்பு, ஒரு கைக்கண்ணாடி, ஒரு நோட்டு.

நீங்கள் வணக்கம் சொன்னால், பதில் வணக்கத்தை உங்கள் பெருவிரலுக்குச் சொல்லுவார். என் மனைவியை அவருக்கு இரண்டு வருடமாகத் தெரியும். ஒருநாள் அவள் புதுச் செருப்பு போட்டுக்கொண்டு எதிரே போனபோது, “யாரு வேணும்மா?” என்று கேட்டாராம்.

அல்லிநகரத்தில் ஒரு கல்யாணம். எல்லாரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் வாசலில் செருப்புக் குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று உள்ளே வந்து நாதஸ்வரத்தை நிறுத்தச் சொல்லி மைக்கை வாங்கினார். பழுப்புச் செருப்பு, இடது கால், உடையவர் உடனே வாசலுக்கு வரவும் என்று அறிவித்தார். செருப்பு களவு போன முகத்தோடு ஓடிவந்தவர் பெண்ணின் அப்பா. செருப்பு போகவில்லை, அதன் அடியில் ஏறிய ஆணிதான் அவர் காலுக்குள் போய்வந்திருந்தது, நுனியில் ரத்தம். காலையிலிருந்து அந்தச் செருப்போடுதான் பந்தல், பந்தி, பாத்திரக்காரர் என்று அலைந்திருக்கிறார். துளி வலி இல்லை. சர்க்கரை நரம்பைத் தின்றுவிட்டால், வலி என்கிற வாட்ச்மேன் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போய்விடுகிறான். அந்த மனிதர் காலில் கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்துதான் மகளைத் தாரை வார்த்தார்.

அடுத்து மாட்டியது நான். போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் தரம் பிரிக்கிற வேலை எனக்கு. கண்ணை மூடிக்கொண்டு தொட்டே ரகம் சொல்லுவேன் என்று பீற்றிக்கொள்கிற ஆள். சர்க்கரைக்கு வயது பத்து.

ஆராய்ச்சி என்னைக் கண்ணை மூடச் சொன்னார். நைலான் நரம்பால் உள்ளங்காலில் அங்கங்கே தொடுவாராம். தெரிந்தால் ‘தெரியுது’ என்று நான் சொல்ல வேண்டுமாம். ஒன்றும் தெரியவில்லை. ஆனால் பரீட்சை என்றால் பாஸாக வேண்டும் என்ற புத்தி, பள்ளிக்கூடத்தில் வராதது, அன்றைக்கு வந்து தொலைத்தது. அவர் ஒவ்வொரு தடவை குனியும்போதும் அவருடைய முழங்கால் மடக்கென்றது. மடக் கேட்டதும் ‘தெரியுது’ என்றேன். பத்துக்குப் பத்து. பெருமையாகக் கண்ணைத் திறந்தேன்.

“நரம்பு பைக்குள்ள இருக்கு சார். கடைசி ஆறு வாட்டி நான் சும்மா குனிஞ்சு நிமிந்தேன். இதுலயுமா காப்பியடிப்பீக?” என்றார் என் காலிடம்.

பிறகு என் ஷூவைக் கவிழ்த்துத் தட்டினார். தட்டையாகிப்போன ஓர் ஏலக்காய் விழுந்தது. இது இன்றைக்குப் போனதா, நேற்றுப் போனதா என்று கேட்டார். தொட்டே ரகம் சொல்லுகிறவன், அதை எடுத்து மோந்து பார்த்தேன்.

இதில் சிக்கல் என்னவென்றால், சித்திரையில் வீரபாண்டி அம்மன் கோயிலுக்கு வெறுங்காலோடு அக்கினிச்சட்டி எடுப்பதாக நான் நேர்ந்திருந்தேன். முந்தைய வருடமும் எடுத்தேன். கொதிக்கிற தார் ரோட்டில் மற்றவர்கள் குதித்துக் குதித்துப் போக, நான் மட்டும் மாமனார் வீட்டு விருந்துக்குப் போகிறவன் மாதிரி நடந்தேன். எனக்கு அருள் இருக்கிறது என்று தெருவே பேசியது. நானும் மறுக்கவில்லை.

“அது ஆத்தா குடுத்த அருளில்ல சார், சர்க்கரை எடுத்துக்கிட்ட உணர்ச்சி” என்றார் ஆராய்ச்சி. “கொப்புளம் வந்தாலும் உங்களுக்குத் தெரியாது. அது புண்ணாகி எலும்புக்குப் போச்சுன்னா வெரலை எடுக்கணும்பாக. ஆத்தா உங்க வெரலையா கேட்டா?”

போக மாட்டேன் என்றேன். ‘தெரியுது’ சொன்ன அதே வாய்தான்.

திருவிழா அன்று போனேன். பக்தி பாதி, போன வருடம் கிடைத்த பேர் மீதி. கோயிலுக்குக் கொஞ்சம் முன்னால், தண்ணீர்த் தொட்டியோரம் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் ஆராய்ச்சி. ஆயிரக்கணக்கான கால்கள் அவரைக் கடந்து போய்க்கொண்டிருந்தன. அவற்றுக்கிடையே ஒரு கை நீண்டு என் கணுக்காலைப் பிடித்தது.

“ஏலக்காய் சாரு, அங்கனயே நில்லுங்க.”

நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கூட வந்த மச்சினன் சட்டியை வாங்கிக்கொண்டான். பாதத்துக்குக் கீழே கைக்கண்ணாடியைப் பிடித்துக் காட்டினார். பெருவிரலுக்கு அடியில் கொப்புளம் உடைந்து, அதில் ரோட்டு மண் ஒட்டியிருந்தது. எனக்கு வலிக்கவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. ஒரு மனிதர் என் காலைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, எனக்கு அருள் முற்றிவிட்டது என்று நினைத்து அவருக்குப் பின்னால் மூன்று பேர் குறி கேட்க வரிசையில் நின்றார்கள்.

அன்றே ஆஸ்பத்திரி. விரல் தங்குமா என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. ஆறு வாரம் அந்தக் கால் தரையில் படக் கூடாது என்றார். ஒருநாள் விட்டு ஒருநாள் ஆராய்ச்சி வீட்டுக்கு வந்தார். வந்ததும், “எப்படியிருக்கீக?” என்பார். நான் சொல்ல ஆரம்பித்தால் கையைக் காட்டி நிறுத்துவார், அவர் கேட்டது என் காலிடம். நான் திருட்டுத்தனமாக அடுப்படி வரை நடந்ததைக் கட்டின் அழுக்கைப் பார்த்தே சொல்லி, என் மனைவியிடம் போட்டுக்கொடுத்தார். விரல் தங்கியது.

போன மாதம் அந்த ஆராய்ச்சி வேலை முடிந்து, அவர் வேறு ஜில்லாவுக்குக் கிளம்பினார். தேனி பஸ் ஸ்டாண்டுக்கு வழியனுப்பப் போனேன். பிளாட்பாரத்திலேயே முழங்கால் மடக்கென்று குனிந்து என் இரண்டு கால்களையும் கழற்றிப் பார்க்காத குறையாகப் பார்த்து, தினமும் கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொல்லிவிட்டு ஏறினார்.

ஜன்னலோர சீட். அங்கிருந்து என் கால் தெரியவில்லை. வேறு வழியில்லாமல், முதன்முதலாக என் முகத்தைப் பார்த்தார்.

“என்ன சார், மொகம் இப்படி வாடிக் கெடக்கு?”

“வெயிலு” என்றேன்.

தூறிக்கொண்டிருந்தது.