காருக்கு நாடி பார்த்தவர்

பிள்ளைகளா, நெகிரி செம்பிலான் மாநிலம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் நாடி அண்ணனைப் போல இன்னொருவர் உங்களுக்குக் கிடைக்கமாட்டார். கிடைத்தாலும் ஊர் தாங்காது.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. புக்கிட் பெலண்டோக் பக்கம் எங்கள் தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் எஞ்சின் பார்த்துக்கொண்டிருந்தார். எது எதிரில் வந்தாலும் மூன்று விரலை வைத்து, கண்ணை மூடி, நாடி பார்ப்பார். ஆடு, சைக்கிள், பலாப்பழம் எல்லாம் அவருக்கு ஒன்றுதான். எஞ்சினை மனிதன் மாதிரியும் மனிதனை எஞ்சின் மாதிரியும் நடத்துவார். கங்காணிக்கு இருமல் வந்தபோது, "புகைக்குழாய் அடைச்சிருக்கு, சுருட்ட நிறுத்துங்க" என்றார். என் கல்யாணத்தன்று வாழ்த்த வந்தவர் என் கையைப் பிடித்தார், விடவேயில்லை.

"ஏன்டா தம்பி, நின்ன எடத்துலயே இந்த ஓட்டம் ஓடுது? இன்னும் கியரே போடலயே."

பந்தலே சிரித்தது. உங்கள் அம்மா குனிந்த தலை நிமிரவில்லை. ஆனால் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

அது ஜப்பான்காரன் காலம். வெள்ளைக்காரத் துரை விட்டுவிட்டு ஓடிய பழைய காரை ஒரு ஜப்பான் அதிகாரி எடுத்துக்கொண்டார். டிரைவர் நான். கல்யாணமான இரண்டாம் மாதம் அந்தக் கார் கெட்டது. மிதிக்காமலே நின்ற இடத்தில் ஓவென்று அலறும். மேட்டைக் கண்டால் இருமி இருமி நின்றுவிடும். போர்டிக்சன் போகிற வழியில் ஒருநாள் அதிகாரியே இறங்கி, வாளைத் தூக்கிச் சீட்டில் போட்டுவிட்டுத் தள்ளினார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, சிரிப்பு வராமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

தோட்டத்துக்குத் திரும்பியதும் சிரிப்பு போய்விட்டது. நான்தான் வேண்டுமென்றே கெடுத்தேன் என்றார் அதிகாரி, அரைகுறை மலாயில். பொழுது சாய்வதற்குள் கார் சரியாக வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் காலை சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் ஏற்றும் லாரியில் நானும் ஏற வேண்டும். அந்த லாரியில் எங்கள் தோட்டத்திலிருந்து போனவர்கள் ஒருவரும் அதுவரை திரும்பியதில்லை.

நாடி அண்ணனிடம் ஓடினேன்.

"என்னடா ஒடம்புக்கு?"

"சயாம்ணே."

"ஒன்னயக் கேக்கல. காருக்கு."

வந்தார். பானெட்டைத் தூக்கி மூன்று விரலை வைத்தார். பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார். "நாக்கப் பாத்தியா? சுண்ணாம்பா வெளுத்துக் கெடக்கு. பெட்ரோல் பத்தல, வெறுங்காத்தக் குடிக்குது." பிளக்கை மாட்டி எஞ்சினை ஓட்டச் சொன்னார். கார்பரேட்டரின் வாயைத் தன் உள்ளங்கையால் இறுக்கிப் பொத்தினார். மூச்சு முட்டி எஞ்சின் அணைய வேண்டும். அணையவில்லை.

அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. "திருட்டுப்பய. வாயப் பொத்தினாலும் மூச்சு விடுறான். வேற எங்கயோ ஓட்ட வச்சிருக்கான்."

"அண்ணே, பொழுது போவுதுலா."

"வைத்தியத்துல அவசரம் ஆவாது."

விரலில் எண்ணெயைத் தொட்டு ஒவ்வொரு மூட்டாகச் சொட்டுவிட்டார், குழந்தைக்கு மருந்து புகட்டுவதுபோல. கார்பரேட்டருக்கு அடியில் ஒரு மூலையில் சொட்டியதும் எண்ணெய் சர்ரென்று உள்ளே போனது. அலறல் அடங்கியது. கொஞ்ச நேரத்தில் மறுபடி அலறியது. அங்கே இரண்டு இரும்புக்கும் நடுவே காற்றுப் புகாமல் வைத்திருந்த கேஸ்கெட் பட்டை காய்ந்து சுருங்கி, இடுக்கு வழியாகக் காற்று புகுந்துகொண்டிருந்தது.

நோய் தெரிந்துவிட்டது. மருந்து? அந்தக் காலத்தில் தையல் ஊசியே கிடைக்காது, கேஸ்கெட்டுக்கு எங்கே போவது? நாடி அண்ணன் சுற்றிலும் பார்த்தார். கடைசியில் என் காலைப் பார்த்தார். கல்யாணத்தில் என் மாமனார் எனக்குப் போட்டுவிட்ட தோல் செருப்பு.

"கழட்டு."

"அண்ணே, அது மாமனாரு குடுத்தது."

"மாமனார் பொண்ணு வேணுமா, மாமனார் செருப்பு வேணுமா?"

கழற்றினேன். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற கத்தியால் தோலை இழைத்து, துளை போட்டு, எண்ணெயில் ஊறவைத்துப் பொருத்தினார். எஞ்சினை ஓட்டினேன். வயிறு நிறைந்த பூனை மாதிரி உறுமியது.

பொழுது சாய அதிகாரி வந்தார். அவரைக் கண்டால் எல்லாரும் இடுப்பு வளைய வணங்க வேண்டும், இல்லையென்றால் கன்னம் வீங்கும். நாங்கள் வணங்கினோம். அவருக்குச் சத்தத்தின் மேல் நம்பிக்கை வரவில்லை. தொப்பியைக் கழற்றி, கைகளைக் கட்டிக்கொண்டு, நன்றாகக் குனிந்து, என் செருப்பு இருந்த இடத்துக்கு நேராகத் தலையை நீட்டினார். அப்படியே நின்றார்.

"அசையாத," என்றார் நாடி அண்ணன் உதடு பிரியாமல். "நல்லா கும்புடட்டும்."

என் வயிறு வெடித்துவிடும் போலிருந்தது. அதிகாரி நிமிர்ந்து, புதிதாகத் தெரிந்த விளிம்பைக் காட்டி என்னவென்று கேட்டார். தோல் என்றேன். என்ன தோல் என்றார். எருமை என்றேன். பொய்யில்லை.

நாடி அண்ணன் அத்தோடு விடவில்லை. "ரெண்டு நாளைக்கு மேடு ஏத்தப்புடாது, பத்தியம்னு சொல்லு" என்றார். அப்படியே மலாயில் சொன்னேன். யார் பேச்சையும் கேட்காத அந்த மனிதர் தலையை ஆட்டினார். இரண்டு நாளும் சுற்றுவழியில்தான் போனார். சயாம் என்ற பேச்சை அவர் எடுக்கவில்லை. மறுநாள் லாரி நான் இல்லாமல் புறப்பட்டது. ஏறிப்போனவர்களை நினைத்தால் இன்றும் எனக்குச் சோறு இறங்காது. ஆனால் நான் இருந்தேன். அதனால்தான் நீங்கள் இருக்கிறீர்கள்.

கார் சரியான அன்று சாயங்காலம், அதிகாரி போன பிறகு நாடி அண்ணன் ஸ்டோர் வாசலில் சாக்கை விரித்துப் படுத்துத் தூங்கிவிட்டார். அவரிடம் இருந்தது ஒரே ஒரு பனியன். அது எண்ணெயிலும் கரியிலும் ஊறி, கழற்றித் தலைமாட்டில் கிடந்தது. சோப்பு கண்ணில் படாத காலம். நான் அதை எடுத்துக்கொண்டு, அடுப்புச் சாம்பல் ஒரு கை அள்ளி, வெறுங்காலோடு ஆற்றுக்குப் போனேன். வெள்ளை தெரியும்வரை தேய்த்தேன். ரப்பர் காயும் புகைவீட்டுக் கயிற்றில் உலர்த்தி, மடித்து, அவர் எழுமுன் தலைமாட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன்.