லட்சுமணனுக்கு ஓர் ஓட்ட ஷூ

மூன்றாவது ஜோடியும் கடித்துவிட்டது. லட்சுமணன் குவார்ட்டர்ஸ் வாசற்படியில் உட்கார்ந்து, கணுக்காலைப் பிடித்துக்கொண்டு, உலகமே தனக்கு எதிராகச் சதி செய்வதுபோல முகத்தை வைத்திருந்தான்.

"ஷூவாம்மே இது? எலிப்பொறி! கால உள்ள உட்டாலே உள்பக்கமா சாயுது."

"சாயும். பழகணும்" என்றாள் லோகநாயகி. "டாக்டர் இன்னா சொன்னாரு? பாதம் வளைஞ்சு ஒசந்து கீது, முட்டுக் குடுக்குற ஷூ ஆவாது, உள்ள மேடு கீடு இருக்கக் கூடாது, அடி மெத்துன்னு இருக்கணும். சொன்னாரா இல்லியா?"

"சொன்னாரு."

"அப்போ எழுந்து ஓடு."

போன மாதம் லட்சுமணன் வேலைபார்க்கும் தொழிற்சாலையின் ஆஸ்பத்திரியில் தொழிலாளர் எல்லோரையும் குடும்பத்தோடு வரச்சொல்லிப் பரிசோதித்தார்கள். புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் ரத்தம் எடுத்து, ஈரக்காலோடு கடப்பைக் கல்லில் நிற்கவைத்துப் பாதத் தடத்தையும் பார்த்தார்கள். பிறகு டாக்டர் லட்சுமணனைக் கூப்பிட்டார். சர்க்கரை எட்டிப்பார்க்கிறது, தினமும் காலையில் மெதுவாக ஓடினால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடலாம், ஆனால் பாதத்துக்கு ஏற்ற ஷூ முக்கியம் என்று விளக்கமாகச் சொன்னார். லட்சுமணன் மாடு மாதிரித் தலையாட்டினான். கதவோரம் நின்று அதைக் கேட்ட லோகநாயகி, அப்போதே முந்தானை முடிச்சை அவிழ்த்து ஷூவுக்குக் காசு எண்ணினாள்.

அவள் மாமனாருக்குச் சர்க்கரையில்தான் ஒரு கால் போயிற்று. அந்தப் புண்ணுக்குக் கடைசிவரை கட்டு மாற்றியவள் அவள். புருஷன் காலை நீட்டிப் படுத்திருப்பதைப் பார்த்தாலே அது ஞாபகத்துக்கு வந்தது. பயத்தைப் பயமாகக் காட்ட அவளுக்குத் தெரியாது; அதட்டலாகத்தான் வரும். தன் குதிகால் ஊசியாகக் குத்துவதைக்கூடக் கவனிக்காமல் விடியுமுன் எழுந்து அவனை உலுக்கினாள்.

பக்கத்து வீட்டுப் பரந்தாமன் பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். பட்டாளத்தைப் பொறுத்தவரை காலுக்கு ஒரே வியாதிதான், தட்டைப் பாதம்.

"பாதத்துக்கு நடுவுல தோல்ல ஒரு மேடு வெச்சுத் தைச்சுடு தங்கச்சி. நெட்டா நிப்பாரு."

"டாக்டர் மேடே கூடாதுன்னுட்டாரு அண்ணாத்தே."

"அவுரு எத்தினி கால் பாத்திருப்பாரு? நான் ஒரு ரெஜிமெண்டுக் காலையே பாத்தவன்!"

லோகநாயகி கேட்கவில்லை. மெத்தென்று இருப்பது போதவில்லை, அதுதான் கோளாறு என்று தீர்மானித்து, பழைய தலையணையைக் கிழித்து ஸ்பாஞ்சை வெட்டி உள்ளே திணித்தாள். மறுநாள் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் லட்சுமணன் ஆடினான், அசைந்தான், எருமைகள் குளித்துக்கொண்டிருந்த பக்கமாகப் போய் விழுந்தான்.

"உன் ஸ்பாஞ்சால ஏரித் தண்ணி முழுக்க உறிஞ்சிகினு வந்துட்டேன், போதுமா?" என்றான், சொட்டச் சொட்ட நின்று.

போதவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவனை அம்பத்தூர் ஷூக்கடைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். கடைக்காரர் லட்சுமணனின் பழைய செருப்பைத் திருப்பிப் பார்த்தார்.

"உள்பக்கந்தான தேஞ்சு கீது? வளைஞ்ச காலுன்னா வெளிப்பக்கம்ல தேயும்?"

"டாக்டருக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா?"

கடைக்காரர் பெட்டிகளைத் திறந்தார். லோகநாயகி ஒவ்வொரு ஷூவுக்குள்ளும் கைவிட்டுத் தடவினாள். கொஞ்சம் மேடு தட்டினாலும் தள்ளிவைத்தாள். அடியைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தாள். கடைசியில், பர்மா பஜாரிலிருந்து வந்த ஒரு வெள்ளை ஜோடியில் விரல் இட்லிமாவுக்குள் போவதுபோல இறங்கியது. பொங்கலுக்குப் புடவை வேண்டாம் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டாள்.

மறுநாள் காலை லட்சுமணன் அதைப் போட்டுக்கொண்டு ஓடிப் போனான். திரும்பி வந்தது பால்காரர் சைக்கிளின் பின்சீட்டில். இரண்டு முட்டியும் வீங்கியிருந்தன.

"லோகா, சர்க்கரை இருந்துட்டுப் போட்டும். என்னை உட்டுடு." ஷூவைக் கழற்றி வாசலில் எறிந்தான்.

அவளுக்கு அழுகை முட்டியது. இந்த மனுஷனையும் மாமனார் மாதிரிக் கட்டிலில் போட்டுப் பார்க்கவேண்டுமா? அந்த டாக்டரையே நேரில் நாலு கேள்வி கேட்டுவிடுவது என்று புடவையை இழுத்துச் செருகினாள். காசு கொடுத்து வாங்கிய பொருள் சும்மா கிடப்பதா என்ற ஆத்திரத்தில் அந்த ஷூவிலேயே காலை நுழைத்துக்கொண்டாள். இரண்டு பேர் காலும் ஒரே அளவு என்பது கல்யாணத்தன்றே ஊர் சிரித்த விஷயம்.

காலைப் பார்வை முடிந்து ஆஸ்பத்திரி மூடுகிற நேரம். நடை போதாமல் ஓடினாள். குவார்ட்டர்ஸ் மொத்தமும் வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. கேட்கவேண்டிய கேள்விகளை வாய்க்குள் அடுக்கிக்கொண்டே ஓடியவளுக்குப் பாதி வழியில்தான் குதிகால் குத்தவில்லை என்பது உறைத்தது. அதற்குச் சந்தோஷப்பட இதுவா நேரம்?

கதவைச் சாத்திக்கொண்டிருந்த நர்ஸ் பார்வதம் திரும்பினாள். மூச்சிரைக்க நின்றவளை ஏற இறங்கப் பார்த்தாள். நர்ஸின் முகமெல்லாம் சிரிப்பு.

"அட, சொன்ன மாதிரியே ஷூ வாங்கிக் குடுத்துட்டாரே உன் ஊட்டுக்காரரு! நம்ம டாக்டர் எப்பவும் ஆம்பளைங்க மூஞ்சப் பாத்துதான் பேசுவாரு, அவங்க ஊட்டுல போய்ச் சொல்றாங்களோ இல்லியோன்னு எனக்குக் கவல. சர்க்கரையும் வளைஞ்ச பாதமும் உனக்குதான்னு கரெக்டா சொல்லிட்டாரு போல!"