தம் பிரேக்ல ஒரு போன்

குறைந்த வருமானமுடைய புகைபிடிப்போர் புகையை விட உதவற நம்பருக்கு ஏன் இன்னும் போன் பண்ணலைன்னு விசாரிக்க, சுகாதாரத் துறை அதிகாரி ஒருத்தர் எங்க குடோனுக்கே நேர்ல எழுந்தருளினாரு. வருமானம் கம்மி, புகை ஜாஸ்தி. ரெண்டு தகுதியும் ஒருங்கே அமைஞ்ச உடம்பு என்னோடது. மேஸ்திரி என்னைத்தான் முன்னாடி தள்ளினாரு.

"பழக்கத்தை விடறதுக்கு இலவசமா போன்ல ஆலோசனை தர்றோமே, ஏன்யா கூப்பிடல?"

"எத்தனை மணிக்கு சார்?"

"பத்துலேருந்து அஞ்சு."

"அப்பத்தான் சார் மூட்டை தூக்கறோம்."

"நடுவுல ஓய்வே கிடையாதா?"

"சிகரெட் பிடிக்கறவனை மட்டும் பத்து நிமிஷம் வெளிய விடுவாரு மேஸ்திரி. பிடிக்காதவனுக்கு வெளிய என்ன சோலின்னு கேப்பாரு."

அதிகாரி முகம் மலர்ந்துடுச்சு. "அப்ப சிகரெட் பிடிக்கப் போறேன்னு சொல்லிட்டு வந்து போன் பண்ணு!" 'தடை நீக்கப்பட்டது'ன்னு எழுதிக்கிட்டு வண்டி ஏறிட்டாரு.

எனக்கும் அவசரம்தான். பேத்தி பொறந்து இருபது நாளாச்சு, இன்னும் தூக்கல. "ஒரு வாரம் பிடிக்கலைன்னு அந்த ஆபீஸ்லேருந்து மெசேஜ் வரட்டும்ப்பா, அப்புறம் தூக்கு"ன்னுட்டா என் பொண்ணு. என் வாய்ச்சொல் செல்லாது. முப்பது தடவை விட்டவன் நான். விடறதுல என்னை அடிச்சுக்க ஆளே கிடையாது.

ஆறு நாள் தாக்குப்பிடிச்சேன். தினம் பின்பக்கச் செவுத்தோரம், வாயில பத்தவைக்காத சிகரெட், காதுல போன். இதைப் பாத்துட்டு, ஜென்மத்துல சிகரெட் தொடாத அஞ்சு பேரு பாக்கெட் வாங்கிட்டு வந்துட்டானுங்க. வெளிய வந்தவன் சும்மா நிப்பானா? பத்தவச்சான். பத்தவச்சவன் பயந்துபோய் போன் பண்ணான். எங்க குடோன்லேருந்து போற அழைப்பு ஆறு மடங்காச்சுன்னு அதிகாரி திரும்ப வந்து எங்களைப் போட்டோ புடிச்சுட்டுப் போனாரு.

ஏழாம் நாள். ஆலோசனை சொல்ற மேடம் லைன்ல கிடைச்சாங்க.

"வாழ்த்துக்கள் ஐயா! ஒரே ஒரு கேள்வி பாக்கி. அதுக்கப்புறம் மெசேஜ் அனுப்பிடறேன். லைன்லயே இருங்க, ரெண்டு நிமிஷத்துல வந்துடறேன்."

பாட்டு ஓடுச்சு. ரெண்டு நிமிஷம் எட்டாச்சு. மேஸ்திரி எட்டிப் பாத்தாரு.

"யோவ், வாரம் பூரா பாக்கறேன், உன் சிகரெட்ல புகையே வரல. ஏமாத்தறியா? உள்ள வா!"

உள்ள போனா லைன் போச்சு. லைன் போனா மெசேஜ் போச்சு. பேத்தியை நினைச்சுக்கிட்டுப் பத்தவச்சேன். ஊர்ல எவனும் இவ்வளவு பாசமா பத்தவச்சிருக்க மாட்டான். மேஸ்திரி திருப்தியா தலையை உள்ள இழுத்துக்கிட்டாரு.

மேடம் வந்தாங்க, லொக்கு லொக்குன்னு இருமிக்கிட்டே.

"என்ன மேடம், ஜுரமா?"

"அதெல்லாம் இல்லய்யா." குரலைத் தாழ்த்திக்கிட்டாங்க. "எங்க ஆபீஸ்லயும் சிகரெட் பிடிக்கறவங்களைத்தான் எழுந்து வெளிய போக விடறாங்க. நானும் போன மாசம்தான் ஆரம்பிச்சேன்."

"அப்ப நீங்க நம்ம நம்பருக்கே போன் பண்ணலாமே?"

"எடுக்க வேண்டியவளே நான்தானே! சரி, கேள்விக்கு வர்றேன். கடைசியா எப்பய்யா புகைபிடிச்சீங்க?"

கையைப் பாத்தேன். இன்னும் பாதி இருந்துச்சு.

"நீங்க பிடிச்ச அதே நேரம்தான் மேடம்."

அவங்க 'முதல் நாள்'னு முணுமுணுத்துக்கிட்டே பதிவு பண்ற சத்தம் கேட்டுச்சு. யாரோட முதல் நாள்னு நானும் கேக்கல, அவங்களும் சொல்லல.