எலும்புச் சித்தரும் சிவப்புக் கயிறும்

எலும்புச் சித்தர் ராயபுரத்தில் இறங்கிவிட்டார்! நாயின் இடுப்பைத் தொடாமலே பார்ப்பார். பரம்பரை நோயை ஊதியே விரட்டுவார். கால்நடை டாக்டர்கள் வருடக்கணக்கில் படிப்பதை ஒரே எலுமிச்சம்பழத்தில் முடித்துவிடுவார். போதாதா நம் ஜனங்களுக்கு? வெள்ளத்துரையின் நாய்ப் பண்ணை வாசலில் ஷேர் ஆட்டோ நிற்க இடமில்லை. மாதாவைக் கும்பிடுகிறவர்களுக்கு ஒரு பழம், முருகனைக் கும்பிடுகிறவர்களுக்கு ஒரு பழம். என்ன சமத்துவம் பாருங்கள்!

குட்டியை மீன்கூடையில் வைத்து மஞ்சள் துணியால் மூட வேண்டும். சித்தரின் பார்வை நேரே பட்டால் குட்டி தாங்காதாம். கழுத்துக் கயிறு மட்டும் வெளியே தொங்கும். நூலில் கட்டிய பழத்தை அவர் மேலே பிடிப்பார். வலப்பக்கம் சுற்றினால் இடுப்பு பத்திரம். இடப்பக்கம் சுற்றினால் தோஷம். வெள்ளத்துரையிடம் வேறு குட்டி வாங்க வேண்டியதுதான். அவன் குட்டிகளுக்கு மட்டும் பழம் இடப்பக்கம் போனதே இல்லை.

அப்படி வலப்பக்கம் சுற்றிய ஜெர்மன் ஷெப்பர்டு குட்டியைத்தான் போன வருடம் ஜூடி வாங்கினாள். புரூனோ என்று பெயர் வைத்தாள். இன்று அதற்குப் பின்னங்கால் ஊன்ற முடியவில்லை. மாடிப்படியில் அவள்தான் தூக்கிக்கொண்டு இறங்குகிறாள். "இடுப்பு மூட்டே சரியா அமையலம்மா. தாய்க்கும் இருக்கலாம்" என்றார் டாக்டர். அதே தாயின் அடுத்த ஈற்றுக் குட்டியைத் தன் மகளுக்கு வாங்க வந்து நின்றார் விசைப்படகுக்காரர் தாமோதரன்.

ஜூடி அவரை மறித்தாள். "தாய்க்கு எக்ஸ்ரே எடுத்தாங்களான்னு கேளுண்ணே."

"சாமியே சொல்லிக்கினு கீறாரு, எக்ஸ்ரே இன்னாத்துக்கு?"

"படகு என்ஜினை எலுமிச்சம்பழம் சுத்திப் பாத்தா வாங்கின? மெக்கானிக்கை இட்டுனு போனியா இல்லியா?"

"அது கடலுக்குப் போறதாச்சே!" என்றார் தாமோதரன்.

வாயால் சொன்னால் ஏறாது என்று ஜூடிக்குப் புரிந்தது. போனாள். ஒரு கூடையோடு திரும்பி வந்து வரிசையில் நின்றாள். மேலே மஞ்சள் துணி. வெளியே புரூனோவின் பழைய சிவப்புக் கயிறு. வெள்ளத்துரை பண்ணையில் எல்லாக் குட்டிக்கும் அந்தச் சிவப்புதான்.

சித்தர் கண்ணை மூடினார். முக்கால்வாசிதான் மூடினார். பழம் வலப்பக்கம் பறந்தது.

"ஆகா! சுத்தமான ஜெர்மன் ரத்தம்! இடுப்பு இரும்பு! வூட்டையே காக்கும்!"

"ம்மே..." என்றது கூடை.

ஜூடி துணியை இழுத்தாள். புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டியிலிருந்து வந்த வெள்ளாட்டுக் குட்டி, வாயில் முருங்கைத்தழையோடு எட்டிப் பார்த்தது.

"வெளிநாட்டு பிரீடும்மா இது!" என்றான் வெள்ளத்துரை.

"போன ஜென்மத்துல நாயி" என்றார் சித்தர்.

"அப்போ ஒருவாட்டி குரைக்கச் சொல்லு நைனா!" ஜூடி சிவப்புக் கயிற்றைத் தூக்கிக் காட்டினாள். "கயிறு செவப்புன்னா வலது, இல்லாங்காட்டி இடது. இதை நம்பித்தான் எம்புள்ள புரூனோ நொண்டுது!"

தாமோதரனுக்கு முகம் கறுத்துவிட்டது. "வெள்ளத்துரை, அந்தத் தாய் நாயை ஆட்டோல ஏத்து. எக்ஸ்ரே பாத்துடலாம்."

பார்த்தார்கள். தாய்க்கும் அதே இடுப்பு. இனி அதை ஜோடி சேர்க்கக் கூடாது என்றார் டாக்டர். தாமோதரன் கூடவே நின்று கருத்தடை செய்யவைத்துவிட்டுத்தான் நகர்ந்தார். சித்தரோ அதற்குள் பழங்களோடு மாயமாகிவிட்டார்.

கூட்டம் திருந்தியதா? "பூனைக்காச்சும் பாப்பாரா?" என்று ஒருவர் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார். நாய்கூட பிஸ்கட்டை மோந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைக்கிறது. ஆறறிவு ஐயாமார்களே, உங்களுக்கு அந்தப் புத்தி எப்போது?