ஏழு கார்களும் ஒரு போத்தல் எண்ணெயும்

தெரியாத ஒன்றைத் தெரியாது என்று சொல்ல நான் வெட்கப்பட்டதில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனிடம் யாரும் அதிகம் எதிர்பார்ப்பதில்லை. அது ஒரு வசதி. தெரிந்த ஒன்றைப் பத்துப் பேர் முன்னால் சொல்வதுதான் எனக்கு முடியாத காரியம். காது சூடாகும். நாக்கு அசையாது. கடைசியில் சிரித்து வைப்பேன். அப்படிச் சிரித்து வைத்த ஒரு சிரிப்பால் நுவரெலியாவில் ஒரே காலையில் ஏழு கார்கள் நின்றுபோயின. அதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

நான் குருவிட்டவுக்கு மேலே ஒரு றப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவன். தோட்டத்தை நடத்திய எங்கள் பெரிய தொரையிடம் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருந்தது. இரண்டே இருக்கை, மடிக்கிற கூரை, தொரை பிறப்பதற்கு முன்பே செய்த கார். அதைக் கழுவப் போனேன். கழுவப் போனவன் மூடியைத் திறந்து துடைத்தேன். துடைத்தவன் கழற்றினேன். மூன்று வருடத்தில் அதன் இருமலைக் கேட்டே எங்கே நோவு என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டேன். (பெத்த புள்ள இருமினா மட்டும் இந்த மனுசனுக்குக் காது கேக்காது என்று என் மனைவி ராசம்மா சொல்வாள். அதுவும் உண்மைதான்.)

இரத்தினபுரிப் பக்கத்தில் இப்படிப்பட்ட கார் வைத்திருந்தவர்கள் இன்னும் ஆறு பேர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் எங்கள் பங்களா முற்றத்துக்கு வருவார்கள். அந்தக் கார்களுக்குப் புதுச் சாமான் கிடைக்காது. திருத்தும் விதம் சொல்லும் புத்தகமும் ஏழு பேருக்கும் சேர்த்து ஒன்றுதான், அதிலும் பாதிப் பக்கம் கறையான் தின்றது. ஆகவே ஒருவர் கண்டுபிடித்ததை மற்றவருக்குச் சொல்லாமல் யாருக்கும் வழி கிடையாது. அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. திருத்தியவன் பிறகுதான் பேசலாம். கெடுத்தவன் முதலில் பேச வேண்டும். ஆஸ்பத்திரியில் கண்டால் வார்டே எழுந்து நிற்கிற டொக்டர், எங்கள் முற்றத்தில் கதிரை நுனியில் உட்கார்ந்து, வயரை மாற்றிக் கொடுத்து ஹோர்ன் அடித்தால் லைட் எரிய வைத்த கதையைச் சொல்லுவார். மாணிக்க வியாபாரி ஹாஜியார் இறுக்கி இறுக்கி ஓர் ஆணியை உடைத்த கதையைச் சொல்லுவார். யாரும் கேலி செய்ய மாட்டார்கள். நான் சுவரோரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

இப்போது எண்ணெய் விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கார்களின் காபரேட்டர் தலையில் ஒரு குமிழ் மூடி இருக்கும். அதைத் திருகித் தூக்கினால் கூடவே ஒரு மெல்லிய கம்பி வரும். கம்பி முங்கி நிற்கிற குழிக்குள் கொஞ்சம் மெல்லிய எண்ணெய் இருக்க வேண்டும். எக்ஸிலேட்டரை மிதிக்கும்போது உள்ளே ஒரு பிஸ்டன் அந்த எண்ணெயைத் தள்ளிக்கொண்டு மெதுவாக மேலே எழும்பும். எழும்பினால்தான் என்ஜினுக்குக் காற்று. ஒரு தடவை தொரை கொழும்புக்குப் போயிருந்த சமயம் அந்த எண்ணெய் டின் தீர்ந்துவிட்டது. வீட்டில் ராசம்மாவின் தேங்காய் எண்ணெய்ப் போத்தல் இருந்தது. அவளுக்குத் தெரியாமல் இரண்டு கரண்டி எடுத்து ஊற்றினேன். கார் பட்டுப் போல ஓடியது. தொரை வந்து ஓட்டிப் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார். தலைக்குத் தேய்ப்பதை ஊற்றினேன் என்று எப்படிச் சொல்வது? சிரித்து வைத்தேன்.

தொரை அதை அடுத்த கூட்டத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். ஆறு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னத்த ஊத்தின மருதை? எங்களுக்கும் சொல்லேன்" என்றார் ஹாஜியார்.

"ஒரு... மெல்லிசு எண்ணெங்க" என்றேன்.

"பேரு என்ன?"

சிரித்தேன். வித்தையை மறைக்கிறான் என்று நினைத்துக்கொண்டார்கள். அது எனக்குப் பெருமையாகவும் இருந்தது என்பதைச் சொல்லாவிட்டால் இதை எழுதுவதில் பயனில்லை.

அந்த நாட்களில் தோட்டத்துப் பெக்டரியில் இயந்திரம் பார்க்கிற பிட்டர் வேலை ஒன்று காலியாக இருந்தது. அதற்கு எட்டாம் வகுப்பு வேண்டும் என்றது கம்பெனியின் கொழும்புக் கந்தோர். எனக்கோ மூன்று வகுப்புக் குறைவு. தொரை ஒரு வழி பார்த்தார். டொக்டர், ஹாஜியார், மற்றவர்கள் எல்லோரும், இவனுக்கு வேலை தெரியும் என்று ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் கந்தோர் மறுக்காது. நுவரெலியாவுக்கு ஏழு காரிலும் ஒரு பயணம் போவதாக இருந்தார்கள். "பயணம் நல்லபடியா முடியட்டும் மருதை, அங்கயே எல்லாருகிட்டயும் கையெழுத்து வாங்கிரலாம்" என்றார் தொரை. பால் வாளியைக் கீழே வைக்க எனக்கு இருந்த ஒரே வழி அந்தக் கடிதம்தான்.

புறப்படுகிற அன்று காலை முற்றத்தில் ஏழு கார்களும் வரிசையாக நின்றன. மருந்துப் போத்தல் ஒன்றைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு, நான் ஒவ்வொரு காருக்கும் போய், பழைய எண்ணெயைத் துடைத்தெடுத்து என் எண்ணெயை ஊற்றினேன். கோயிலில் பூசாரி தீர்த்தம் கொடுப்பது போலத்தான் கொடுத்தேன். பெற்றோல் வாடைக்கு நடுவே ஹாஜியார் குனிந்து முகர்ந்தார்.

"வாசமாத்தான் ஈக்கி. வெளிநாட்டுச் சாமானா?"

சிரித்தேன்.

பலாங்கொடைக்கு அப்பால் ஒரு செக் பொயின்ட். அந்த யுத்த காலத்தில் தமிழ் அடையாள அட்டையைக் கண்டால் பையைக் கொட்டிப் பார்ப்பார்கள். ஆமிக்காரர் பேப்பரை உரித்து, போத்தலைத் திறந்து முகர்ந்தார். "பொல் தெல்" என்றார். தேங்காய் எண்ணெய்! பக்கத்தில் தொரை.

"எதுக்கு மருதை அது?" என்று கேட்டார்.

"தலைக்குங்க" என்றேன்.

ஆமிக்காரர் என் தலையைப் பார்த்தார். முன்பக்கம் அப்போதே வழுக்கை விழத் தொடங்கியிருந்தது. போத்தலைத் திருப்பிக் கொடுத்தார். நான் உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைத்திருக்காது. நாட்டின் இராணுவமே எடுத்துக் கொடுத்தும் எனக்கு வாய் வரவில்லை.

வழி முழுக்க என்ஜின் சூட்டில் எல்லாக் கார்களும் அருமையாக ஏறின. நுவரெலியாவில் ஒரு நண்பரின் பங்களா முற்றத்தில் நிறுத்தினோம். தை மாதம். விடிந்து பார்த்தால் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது.

ஏழு மணிக்கு டொக்டர் தன் காரை ஸ்டார்ட் செய்தார். என்ஜின் முனகியது. மிதித்தார். கறுப்புப் புகையைக் கக்கிவிட்டுச் செத்துப்போனது. ஹாஜியார் மிதித்தார். அதுவும் செத்தது. தொரையின் கார், அடுத்தது, அதற்கடுத்தது. எட்டு மணிக்குள் ஏழும் போய்விட்டன.

ஒரு கார் நின்றால் ஏழு பேர் சேர்ந்து ஒரு காரணத்தைக் கண்டுபிடிப்பார்கள். ஏழு கார் நின்றால் ஏழு காரணம் வருகிறது. ஒருவர் பிளக்கைக் கழற்றினார். டொக்டர் வயரையெல்லாம் பிடுங்கி வரிசையாகப் படுக்க வைத்தார். மலையில் காற்று மெலிசு என்றார் ஒருவர். நன்றாக இருந்த சாமான்கள் எல்லாம் பனிப்புல்லில் கிடந்தன. கடைசியில் ஹாஜியார் கையைத் தட்டினார்.

"பெற்றோல்! ஏழு பேரும் நேத்து ஒரே ஷெட்லதானே அடிச்ச? தண்ணி கலந்து தந்தீக்கான். வாங்க போவோம், அவன்ட சட்டையப் புடிச்சுக் கேப்போம்."

எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. ஷெட்டில் எங்களுக்குப் பெற்றோல் அடித்த மனிதர் என்னைப் போல ஒரு தோட்டத்து ஆள்தான். எந்தத் தோட்டம் என்றுகூட என்னிடம் விசாரித்திருந்தார்.

நான் மட்டும் அதுவரை எதையும் தொடாமல் நின்றேன். மெல்லத் தொரையின் காருக்குப் போய்க் குமிழைத் திருகி இழுத்தேன். கம்பி வரவில்லை. பலமாக இழுத்தேன். மெழுகுதிரி போல வெள்ளையாக எதையோ அப்பிக்கொண்டு வந்தது. எங்கள் குருவிட்டச் சூட்டில் தேங்காய் எண்ணெய் உறைந்து நான் பார்த்ததே இல்லை. பார்த்த அந்த நிமிடத்தில் பிட்டர் வேலையும், கடிதமும், பால் வாளியும் ஒன்றன் பின் ஒன்றாகக் கண் முன்னால் போயின. கம்பியைத் திரும்பச் செருகிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். வெயில் ஏறினால் தானாக உருகிவிடும். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஷெட்டுக்காரர் நாலு அடி வாங்குவார், அவ்வளவுதான்.

ஹாஜியார் கேட்டைத் திறந்துகொண்டிருந்தார். நான் கம்பியைத் தூக்கிப் பிடித்தபடி அவர்கள் நடுவில் போய் நின்றேன். ஹாஜியார் கம்பியை வாங்கி விரலால் வழித்து முகர்ந்து பார்த்தார்.

"யா அல்லாஹ். எங்க வீட்டாக்கள்ட தலை எண்ணெ!"

"நேத்து நாந்தாங்க ஊத்துனேன்" என்றேன். "எல்லாத்துக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. டொக்டர், தான் படுக்க வைத்திருந்த வயர்களை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். நான் குசினிக்கு ஓடி ஒரு அண்டா வெந்நீர் கொண்டுவந்தேன். துணியை முக்கிப் பிழிந்து ஒவ்வொரு காபரேட்டருக்கும் ஒத்தடம் கொடுத்தேன். எண்ணெய் உருகியது. உறிஞ்சி எடுத்து என்ஜின் எண்ணெய் ஊற்றினேன். ஒரு மணி நேரத்தில் ஏழு காபரேட்டரும் சரியாகிவிட்டன. (அவர்கள் கழற்றியதைத் திரும்பப் பூட்டி ஏழையும் ஓட வைக்கத்தான் மத்தியானம் வரை ஆனது.)

வரும் வழியில் தொரை ஒரே ஒரு தடவை பேசினார்.

"எண்ணெ தப்பாப் போனா பரவாயில்ல மருதை. நான் கேட்டப்ப தலைக்குன்னு சொன்னே பாரு. அது சரியில்ல."

கையெழுத்துப் பேச்சை எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

வீட்டில் சொன்னபோது ராசம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அவள் பிறந்தது ஹட்டன் பக்கம். "ஏங்க, மலையில காலையில எண்ணெப் போத்தல அடுப்போரம் வச்சு எடுத்துத்தானே தலைக்கே வப்போம். ஒரு வார்த்த என்னையக் கேட்டா கொறஞ்சா போயிருவீங்க?" அவள் போத்தலிலிருந்து திருடிய எண்ணெயைப் பற்றி அவளிடமே எப்படிக் கேட்பது?

அடுத்த மாதக் கூட்டத்துக்குப் போகாமல் லயத்தில் என் வீட்டுக்குள் ஒளிந்திருந்தேன். தொரை ஆள் அனுப்பினார். முற்றத்தில் எனக்கும் ஒரு கதிரை போட்டிருந்தது.

"ஒக்காரு. கெடுத்தவன்தானே மொதல்ல பேசணும்" என்றார்.

உட்கார்ந்தேன். மொத்தம் ஐந்து வசனம் பேசினேன். என் வாழ்க்கையில் அத்தனை பேருக்கு முன்னால் உட்கார்ந்து பேசியது அதுதான் முதல் தடவை. பேசி முடித்ததும் தொரை ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். ஏழு பேரும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். ஹாஜியார் மட்டும் போடுவதற்கு முன் அடியில் ஏதோ ஒரு வரி சேர்த்து எழுதினார். எல்லோரும் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்கள். அவ்வளவும் இங்கிலீஷ். எனக்கு என் பெயர் மட்டும் அடையாளம் தெரிந்தது.

வேலை கிடைத்தது. கடிதத்தின் போட்டோகொப்பி ஒன்றைத் தொரை கொடுத்தார். அதைச் சட்டம் போட்டு முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். வெள்ளிக்கிழமைகளில் அதற்கும் சேர்த்து ஊதுபத்தி காட்டுவேன். பெக்டரிக்குப் புதிதாக வருகிற ஒவ்வொரு தொரையும் என் பைலைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பது ஏன் என்று மட்டும் விளங்கவில்லை. நல்ல மனிதர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மகள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தபோது ஒரு நாள் கதிரையில் ஏறி நின்று அதை வாசித்துத் தமிழில் சொன்னாள். "இவர் ஒரே காலையில் எங்கள் ஏழு கார்களையும் நிறுத்தினார். நாங்கள் வேறொருவர் மேல் பழி போடப் போனபோது, தானே வந்து சொன்னார். தானே ஓட வைத்தார். இப்படி ஒருவரை உங்கள் இயந்திரங்களிடம் நம்பி விடலாம்." கீழே ஹாஜியாரின் வரி: "எண்ணெய்ப் போத்தலை மட்டும் முகர்ந்து பார்த்துவிட்டுக் கொடுக்கவும்."

ராசம்மா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் சட்டத்தைக் கழற்றப் போனேன். அவள் விடவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வருகிற எவருக்கும் அதை வாசித்துக் காட்டாமல் தேத்தண்ணி கிடையாது. மகளைப் பெண் பார்க்க அரநாயக்கவிலிருந்து வந்தவர்களுக்கும் அதே சட்டம்தான். மாப்பிள்ளையின் அப்பா முழுவதையும் கேட்டு முடித்தார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பொண்ணு அப்பா மாதிரிங்களா, அம்மா மாதிரிங்களா?" என்று கேட்டார்.

"மத்ததுல எல்லாம் அப்பா மாதிரிங்க" என்றாள் ராசம்மா. "எண்ணெ விசயத்துல மட்டும் என்னைய மாதிரி."

அந்த இடத்திலேயே கல்யாணத் தேதி வைத்துவிட்டார்கள்.